உயிரணுவின் வரலாறு – 5: உறைந்து பிறந்ததா, பிளந்து பிறந்ததா?

உயிரணுச் சித்தாந்தத்தை 1838-இல் ஷ்லைடனும் 1839-இல் ஷ்வானும் வெளியிட்டனர் என்று பள்ளிப் பாடபுத்தகங்கள் ஒரே வாக்கியத்தில் சொல்லி, அவ்விடத்தில் முற்றுப்புள்ளியும் வைத்துவிடுகின்றன. அதைப் படிக்கும் மாணாக்கன், அச்சித்தாந்தம் அன்றே அங்கங்கள் யாவும் நிரம்பிய குழந்தையாகப் பிறந்துவிட்டதென்றும், பின்வந்தவர்கள் அதற்கு நகை பூட்டி அழகு பார்த்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றும் எண்ணிக்கொள்கிறான். உண்மை அவ்வாறன்று. அச்சித்தாந்தத்தில் இரண்டு கூறுகள் இருந்தன. தாவரமாயினும் பிராணியாயினும் அதன் சரீரம் உயிரணுக்களால் ஆனது என்பது முதற்கூறு. அவ்வுயிரணு இன்ன விதமாக உண்டாகிறது என்பது இரண்டாம் கூறு. முதற்கூறு இன்றளவும் அசையாமல் நிற்கிறது. இரண்டாம் கூறோ முழுப் பிழை. பிழையாயிருந்தும், பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஐரோப்பிய வித்துவான்களின் புத்தியை ஆட்கொண்டிருந்த பிழை. அது எங்ஙனம் எழுந்தது, எவரால் வீழ்ந்தது, வீழ்த்தியவருக்கு உலகம் கொடுத்த வெகுமதி யாது என்பதே இவ்விதழின் விஷயம்.

சென்ற இதழ், ராபர்ட் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்துத் தாவர நூலார் 1831-இல் ஆர்க்கிட் செடியின் மேல்தோலை ஆராய்ந்து, ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு மங்கலான வட்டம் இருப்பதைக் கண்டு, அதற்கு உட்கரு எனப் பெயரிட்ட செய்தியோடு நின்றது. பிரவுன் மிகவும் நிதானமான மனிதர்; கண்டதைக் கண்டபடி சொன்னாரேயன்றி, அது எதற்காக அங்கே இருக்கிறது என்று சொல்லத் துணியவில்லை. துணிந்தவர்கள் பெர்லினில் இருந்தார்கள். செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகக் கோப்ளென்ஸ் நகரில் பிறந்து, 1833-இல் பெர்லின் சர்வகலாசாலையின் உடற்கூற்றுப் பேராசிரியராக அமர்ந்த யோஹான்னஸ் முல்லரைச் சுற்றி அக்காலத்தில் கூடிய இளைஞர் கூட்டம், ஓர் ஆசிரியருக்கு வாய்க்கக்கூடிய பெரும்பேறு எத்தகையது என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது. ஷ்வான், ஹென்லே, ரேமாக், விர்ச்சோ, ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜீவ சாஸ்திரத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் முல்லரின் சிஷ்யர் ஒருவரது பெயர் தட்டுப்படும். அவர் நடத்திய சாஸ்திரப் பத்திரிகையே அவர்களுக்கு அரங்கம். நம் கதையின் முதற் காட்சியும் மூன்றாம் காட்சியும் அந்தப் பத்திரிகையின் பக்கங்களிலேயே நடைபெறுகின்றன.

மத்தியாஸ் ஷ்லைடன் தாவர நூலுக்கு வந்து சேர்ந்த வழி விசித்திரமானது. 1804-இல் ஹாம்பர்க் நகரத்தில் பிறந்து, ஹைடல்பர்க்கில் சட்டம் பயின்று, சொந்த ஊருக்குத் திரும்பி வக்கீல் தொழில் நடத்தி, அதில் மனம் பற்றாமலும் வெற்றி காணாமலும் உள்ளம் உடைந்து, தம் நெற்றியில் தாமே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு, குண்டு உயிரைக் கொள்ளாமல் விட்டமையால் பிழைத்தெழுந்து, இனிச் சட்டம் வேண்டாம் என்று துறந்து, இயற்கை நூல்களை முதலிலிருந்து கற்கப் புகுந்தவர் அவர். வாதம் செய்யும் வழக்கத்தை மட்டும் அவர் வக்கீல் தொழிலோடு துறக்கவில்லை. செடிகளுக்குப் பெயரிட்டு உலர்த்தி அடுக்கி வைப்பதையே தாவர சாஸ்திரம் என்று கொண்டிருந்த முதியவர்களை அவர் தாக்கிய தாக்குதல்களில் ஆக்ரோஷம் மிகுதி. ஆயினும், ஒரு செடி எவ்வாறு வளர்கிறது என்பதை அறியாதவன் செடியை அறியாதவனே என்று அவர் வற்புறுத்தியதில் நியாயமும் மிகுதியாகவே இருந்தது.

முல்லரின் பத்திரிகையில் 1838-இல் வெளிவந்த வியாசத்தில் அவர், பிரவுன் சொல்லாமல் விட்ட இடத்தை நிரப்பினார். உயிரணுவுக்குத் தாய் உட்கருவே என்பது அவர் கட்சி. அறைக்குள் இருக்கும் பிசின் போன்ற திரவத்தில் முதலில் நுண்ணிய மணிகள் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்றைச் சுற்றிப் பொருள் திரண்டு உட்கருவாகிறது. உட்கரு போதிய பருமனை அடைந்தவுடன் அதன் மேல் மெல்லிய கொப்புளம் ஒன்று எழும்புகிறது. அக்கொப்புளம், சட்டைப்பைக் கடிகாரத்தின் முகத்தின்மேல் அதன் கண்ணாடி கவிந்திருப்பதைப் போல உட்கருவின்மேல் கவிந்திருந்து, பின்னர் விரிந்து பெருகிப் புதிய உயிரணு ஆகிறது. கடிகாரக் கண்ணாடி உவமை அவருடையதே. பழைய உயிரணுவின் வயிற்றுக்குள்ளே புதியது இவ்வாறு உறைந்து பிறக்கிறது என்றார் அவர்.

இதை வெறுங் கற்பனை என்று தள்ளிவிடுவது அவருக்கு அநியாயம் செய்வதாகும். அவர் மிகுதியாக ஆராய்ந்தது பூக்களின் சூலுக்குள் இருக்கும் பையை. அங்கே, வித்துக்கு உணவாக அமையும் முளைசூழ்தசை உண்டாகும்போது, பல செடிகளில் முதலில் உட்கருக்கள் மட்டும் சுவர் ஏதுமின்றித் திரவத்தில் பெருகி நிற்க, சுவர்கள் பிற்பாடே எழும்புகின்றன. நாம் பருகும் இளநீரும் அவ்வினத்தைச் சேர்ந்ததுதான். அதில் உட்கருக்கள் தனியே மிதந்துகொண்டிருக்க, ஓரத்தில் சுவர் கட்டிய பகுதியே வழுக்கையாகத் திரள்கிறது. தாவர உலகத்தில் விதிவிலக்காக அமைந்த ஓரிடத்தை நோக்கிவிட்டு அதையே விதியாகக் கொண்டதும், அடுத்தடுத்துத் தோன்றிய நிலைகளை இடைவிடாமல் பின்தொடர்ந்து காணாமல், தனித்தனியே கண்டவற்றை அனுமானத்தால் கோத்து வரிசைப்படுத்தியதும் அவர் செய்த பிழைகள். பிரத்தியட்சத்தில் இருந்த இடைவெளியை வக்கீலின் வாதத்திறமை நிரப்பிவிட்டது.

இனி ஷ்வான். நோய்ஸ் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவரின் மகனாக 1810-இல் பிறந்த தியோடார் ஷ்வான், சுபாவத்தில் ஷ்லைடனுக்கு நேர்மாறானவர்: சாந்தர், கூச்சமுள்ளவர், கத்தோலிக்க மதத்தில் ஆழ்ந்த பக்தி உடையவர், எவரோடும் சச்சரவுக்குப் போகாதவர். 1837-ஆம் ஆண்டில் ஒருநாள் இருவரும் சேர்ந்து உணவு அருந்தியபோது, தாவர உயிரணுவின் பிறப்பில் உட்கருவுக்கு உள்ள முக்கியத்துவத்தை ஷ்லைடன் எடுத்துச் சொல்ல, தலைப்பிரட்டையின் முதுகுநாணில் தாம் முன்பு கண்ட அறைகளிலும் அதேபோன்ற ஒன்று இருந்ததை ஷ்வான் நினைவு கூர்ந்தார் என்றும், உடனே இருவரும் எழுந்து உடற்கூற்றுச் சாலைக்குச் சென்று நுண்ணோக்கியில் அதைப் பார்த்தார்கள் என்றும் ஷ்வானே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த ஒற்றுமையைத் துணையாகக் கொண்டு அவர் குருத்தெலும்பு, தசை, நரம்பு, தோல், நகம், இறகு, பல் என்று பிராணி சரீரத்தின் திசுக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எத்தனை வேறுபட்ட தோற்றமுடையவையாயினும் அவை யாவும் உயிரணுக்களிலிருந்தே உருவானவை எனக் காட்டி, 1839-இல் வெளியிட்ட கிரந்தம் மனித அறிவின் வரலாற்றில் பெரிய நூல்களுள் ஒன்று. அவருக்கு அப்போது வயது இருபத்தெட்டு. செடிக்கும் மனிதனுக்கும் அடிப்படை ஒன்றே என்பதை அதற்கு முன் ஊகித்தவர்கள் உண்டு; பிரெஸ்லாவில் பேராசிரியராயிருந்த செக் நாட்டவரான புர்கின்யே அந்த வாசல்வரை வந்தே விட்டார். எனினும், திசு திசுவாக நிரூபித்து முடித்தவர் ஷ்வானே.

ஆனால், உயிரணுவின் பிறப்பு என்று வந்தவுடன் அவர் ஷ்லைடனின் கட்சியை அப்படியே ஏற்றுக்கொண்டதோடு நில்லாமல், அதை இன்னும் ஒரு படி தள்ளிக்கொண்டு போனார். புதிய உயிரணு பழைய உயிரணுவுக்கு உள்ளேதான் பிறக்கவேண்டும் என்பதில்லை. உயிரணுக்களுக்கு இடையே நிற்கும் உருவமற்ற மூலத்திரவத்திலும் அது தானாகவே பிறக்கலாம் என்றார். சீனிப்பாகில் நூலைத் தொங்கவிட்டு வைத்தால் கற்கண்டு கட்டிக்கொள்வதைப் போல, மூலத்திரவத்தில் முதலில் உட்கருவின் மணியும், அதன்மேல் உட்கருவும், அதன்மேல் உயிரணுவும் படிப்படியாகப் படிகின்றன என்பது அவர் கண்ட சித்திரம். பளிங்கு உறைவதும் உயிரணு பிறப்பதும் ஒரே வகைப்பட்ட பௌதிக விதிகளுக்கு உட்பட்ட காரியங்கள் என்று காட்டிவிட்டால், உடலுக்குள் உயிர்ச்சக்தி என்னும் தனி வஸ்து ஒன்று அமர்ந்து தன் விருப்பப்படி யாவற்றையும் நடத்துகிறது என்ற பழைய கொள்கைக்கு இடமில்லாமற் போய்விடும் அல்லவா? அந்த நோக்கமே அவரை இழுத்துச் சென்றது. பக்தரான அவர், ஈசுவரன் ஆதியில் வகுத்த விதிகளே போதுமானவை, உடலுக்குள் சிறு தேவதைகளை வைக்கவேண்டிய அவசியமில்லை என்று கருதினார். நோக்கம் உயர்ந்தது; முடிவு தவறு.

இதில் ஒரு முரண் உண்டு. அதை எண்ணும்தோறும் எமக்கு வியப்பு நீங்குவதில்லை. இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர், 1837-இல், கொதிக்கவைத்த இறைச்சிச் சாற்றின்மேல் சூடேற்றிய காற்றை மட்டும் செலுத்தினால் அது அழுகுவதில்லை எனப் பரிசோதித்துக் காட்டி, நுண்ணுயிர்கள் உயிரற்ற சாற்றிலிருந்து தாமாக முளைப்பதில்லை என்பதற்கு வலுவான சான்று தந்தவர் இதே ஷ்வான்தான். குப்பியில் இருந்த சாற்றுக்கு அவர் மறுத்த சிருஷ்டி சாமர்த்தியத்தை உடம்பில் இருந்த திரவத்துக்கு அவரே வழங்கினார். இரண்டும் ஒரே கேள்வி என்பது அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் கிரந்தம் வெளிவந்த ஆண்டிலேயே அவர் பெல்ஜியத்து லூவென் சர்வகலாசாலைக்குப் போய்விட்டார். 1848-இல் லியேஜுக்கு மாறி, 1882 வரை வாழ்ந்தும், உயிரணுவைப் பற்றி அதற்கு நிகரான மற்றொன்றை அவர் எழுதவில்லை.

இஃது ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிட்ட சர்ச்சையாயின் நாம் இத்தனை விரிவாகப் பேசவேண்டியதில்லை. நோயாளியின் படுக்கைவரை இந்தப் பிழை சென்றது. ரணத்தில் சீழ் எங்கிருந்து வருகிறது? ரத்தக்குழாயினின்று கசிந்த நீர் உறைந்து சீழணுக்கள் ஆகின்றன. கழலையும் புற்றுநோயும் எங்கிருந்து வருகின்றன? கெட்டுப்போன மூலத்திரவத்திலிருந்து விபரீத உயிரணுக்கள் பிறக்கின்றன. புற்றுக் கழலையும் உயிரணுக்களால் ஆனதே என 1838-இல் முல்லர் காட்டினார்; ஆனால் அவ்வுயிரணுக்கள் அங்கே புதிதாகத் தோன்றுவதாகவே அவரும் நினைத்தார். வியன்னாவில் பல்லாயிரம் பிரேதங்களை அறுத்து ஆராய்ந்த ரோக்கிடான்ஸ்கி, எல்லா நோய்களுக்கும் ரத்தத்தில் உள்ள திரவம் கெடுவதே மூலகாரணம் என்று ஒரு பெருங் கொள்கையைக் கட்டி எழுப்பினார். கிரேக்க வைத்தியர் காலத்திலிருந்து வந்த தோஷக் கொள்கை நுண்ணோக்கியின் துணையோடு புதுவேஷம் தரித்து மறுபடியும் அரங்கேறிற்று என்று சொன்னாலும் தகும்.

உயிரணு இரண்டாகப் பிளப்பதைக் கண்ணால் கண்டவர்கள் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. பெல்ஜியத்தின் துமோர்த்தியே 1832-இலும், ஜெர்மானியராகிய ஹூகோ ஃபான் மோல் 1835-இலும், நூல் போன்ற பச்சைப் பாசியில் ஓர் அறைக்கு நடுவே குறுக்குச் சுவர் எழும்பி அதை இரண்டாக்குவதைத் தெளிவாக விவரித்திருந்தனர். 1840-களில் உங்கரும் நேகெலியும் உயர்ந்த செடிகளிலும் அவ்வாறே எனக் காட்ட, தாவர நூலார் மட்டில் ஷ்லைடனின் கட்சி மெல்ல மெல்லத் தேய்ந்துவந்தது. பிராணிகளின் விஷயமோ வேறு. பிராணி உயிரணுவுக்குத் தடித்த சுவர் இல்லை. எல்லைக்கோடு எங்கே இருக்கிறதென்று காண்பதே பிரயாசை. அவ்விடத்தில் ஷ்வானின் மூலத்திரவம் அசைக்கமுடியாத ஆட்சி நடத்திக்கொண்டிருந்தது.

இந்தக் கட்டத்தில்தான் ராபர்ட் ரேமாக் வருகிறார்.

பிரஷ்யாவின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த போலந்துப் பகுதியாகிய போஸென் நகரத்தில், 1815-இல், யூதக் குடும்பமொன்றில் ரேமாக் பிறந்தார். 1833-இல் பெர்லினுக்கு வந்து வைத்தியம் பயின்று, முல்லரின் சாலையில் நுண்ணோக்கி வேலை பழகி, 1838-இல் நரம்புகளின் நுண்ணமைப்பைப் பற்றிய வியாசத்துக்காக வைத்தியப் பட்டம் பெற்றார். கொழுப்புறை இல்லாத நரம்பிழைகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குவது அந்த வியாசத்தின் பயன். பட்டம் பெற்றவருக்குச் சர்வகலாசாலையில் போதகராகும் தகுதி யாவும் இருந்தது; ஒன்றைத் தவிர. 1812-இல் யூதருக்குக் குடியுரிமையோடு ஆசிரியப் பதவிகளையும் திறந்துவிட்ட பிரஷ்ய அரசு, 1822-இல் அந்தக் கதவைத் திரும்ப அடைத்துவிட்டது. ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராகிவிட்டால் தடை நீங்கும். பலர் அவ்வாறு செய்தனர். செய்தவர்களைக் குறை கூற நாம் யார்? ரேமாக் செய்யவில்லை. சம்பளமின்றி முல்லரின் சாலையில் உழைப்பது, வைத்தியம் பார்த்தும் மாணவர்களுக்குத் தனியாகப் பாடம் சொல்லியும் ஜீவனம் நடத்துவது என்று ஆண்டுகள் கழிந்தன. 1843-இல் அரசருக்கே விண்ணப்பம் எழுதினார், அது நிராகரிக்கப்பட்டது. ஐரோப்பா முழுவதும் மதித்த முதியவரான அலெக்ஸாண்டர் ஃபான் ஹும்போல்ட் பரிந்து பேசியதன் பேரில், 1847-இல், பெர்லின் சர்வகலாசாலையில் பிரசங்கம் செய்யும் உரிமை அவருக்குக் கிடைத்தது. மதம் மாறாத யூதர் ஒருவர் அங்கே பாடம் சொன்னது அதுவே முதல்முறை. உரிமைதான் கிடைத்தது, அந்தப் பதவிக்கு அரசாங்கச் சம்பளம் கிடையாது.

நிற்க. ரேமாக்கின் ஆராய்ச்சி கோழிமுட்டையில் தொடங்கிற்று. அடைகாத்த முட்டைக்குள் வளரும் குஞ்சின் ரத்தத்தில், ஒரு செந்நிற அணு இடையில் ஒடுங்கி இரண்டாகப் பிரியும் தறுவாயில் இருப்பதை அவர் 1841-இல் கண்டார். பறவைகளின் ரத்த அணுவுக்கு உட்கரு உண்டாதலால் அப்பிரிவு தெளிவாகவே தெரிந்தது. ஷ்லைடனாயிருந்தால் அன்றிரவே ஒரு சித்தாந்தத்தை எழுதி முடித்திருப்பார். ரேமாக்கோ, ரத்தத்தில் கண்டது தசைக்கும் நரம்புக்கும் பொருந்துமா, ஒரு வேளை இது கருவில் மட்டும் நிகழும் விசேஷமா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, பத்தாண்டுக் காலம் கருவின் வளர்ச்சியை நாள்தோறும் பின்தொடர்ந்தார். குஞ்சிலிருந்து தவளைக்குச் சென்றார். தவளை முட்டை கருவுற்றபின் அதன்மேல் பள்ளங்கள் தோன்றி அதை இரண்டு, நான்கு, எட்டு எனக் கூறுபடுத்துவது முன்பே தெரிந்த செய்தி; அப்பள்ளங்கள் வெறும் மேற்பரப்புக் கோடுகளா, முட்டையை உள்ளே ஊடறுத்துச் செல்கின்றனவா, அவ்வாறு பிரிந்த துண்டுகள் உயிரணுக்கள்தாமா என்பதில்தான் வித்துவான்கள் முரண்பட்டனர். மென்மையான முட்டையை அறுத்துப் பார்க்கவேண்டுமானால் அதை முதலில் இறுகச் செய்யவேண்டும். மயில்துத்தமும் ஆல்கஹாலும் மரக்காடியும் சேர்த்துத் தாமே பக்குவம் கண்ட திரவத்தில் முட்டைகளை இட்டு இறுக்கி, பள்ளத்தோடு கூடவே முட்டையின் மெல்லிய உறையும் உள்மடிந்து இறங்கி, ஒவ்வொரு துண்டையும் முற்றாகச் சூழ்ந்துகொள்வதை அவர் காட்டினார். ஆகவே முட்டை ஓர் உயிரணு. அதன் துண்டுகளும் உயிரணுக்கள். அவற்றின் பரம்பரையே உடல்.

இவ்வளவும் முடிந்தபின், 1852-இல், முல்லரின் பத்திரிகையில் அவர் ஒரு சிறு வியாசம் எழுதினார். பிராணிகளின் உயிரணுக்கள் யாவும் முன்னிருந்த உயிரணுவின் பிரிவினாலேயே உண்டாகின்றன. மூலத்திரவத்தில் தானே உறைந்து பிறப்பதாகச் சொல்லப்படும் உயிரணு, சேற்றில் தானே முளைப்பதாகச் சொல்லப்படும் புழுவைப் போலவே நம்பத்தகாதது. கழலைகளிலும் இவ்விதியே செல்லும் என்பது அதன் சாரம். ஷ்வான் கவனியாமல் விட்ட ஒற்றுமையை, குப்பியின் கேள்வியும் உடம்பின் கேள்வியும் ஒன்றே என்பதை, இவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பாஸ்டர் தம் பெயர்பெற்ற குடுவைகளோடு அதே கேள்வியின் மறுபாதியைத் தீர்க்கப் புகுந்ததற்கு இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் இருந்தன. 1855-இல் நிறைவெய்திய ரேமாக்கின் பெரிய நூல், முதுகெலும்புடைய பிராணிகளின் கரு வளர்ச்சி முழுவதையும் இந்த விதியின்மேல் நிறுத்திற்று; புறப்படை, நடுப்படை, அகப்படை என்று கருவில் மூன்று படலங்கள் உண்டு என இன்று வைத்தியக் கல்லூரி மாணவர் படிக்கும் பாடம் அந்நூலினின்று வந்ததே. உயிரணுச் சித்தாந்தத்தின் இரண்டாம் கூறு உண்மையில் பிறந்த ஆண்டு எதுவென்று எம்மைக் கேட்டால், 1839 அன்று, 1852 என்றே விடை சொல்வோம்.

ருடால்ஃப் விர்ச்சோ, ரேமாக்கைவிட ஆறு வயது இளையவர். பொமெரேனியாவில் பிறந்து, ராணுவ வைத்தியப் பள்ளியில் படித்து, பெர்லினின் ஷாரிட்டே ஆஸ்பத்திரியில் பிரேத பரிசோதனை செய்பவராக அமர்ந்து, இருபத்தாறாம் வயதில் சொந்தமாக ஒரு வைத்தியப் பத்திரிகையும் தொடங்கிவிட்ட தீரர். 1848-இன் தொடக்கத்தில் மேல் சைலீசியாவில் டைஃபஸ் ஜுரம் பரவியபோது அதை ஆராய அரசாங்கத்தால் அனுப்பப்பட்டு, ஜுரத்துக்கு மருந்து ஜனங்களுக்கு வேண்டிய கல்வியும் சுதந்திரமும் சுபிட்சமுமே என்று அறிக்கை எழுதியவர். அந்த மார்ச்சு மாதத்திலேயே பெர்லின் வீதித் தடையரண்களில் புரட்சிக்காரரோடு நின்றவர். அதன் பலனாகப் பெர்லினில் இருக்க முடியாமல், 1849-இல் வுர்ஸ்பர்க் சர்வகலாசாலைக்குப் போனார். ரோக்கிடான்ஸ்கியின் ரத்த தோஷக் கொள்கையை இளமையிலேயே எதிர்த்துக் கண்டித்த அவரும், உயிரணுக்கள் மூலத்திரவத்தில் பிறக்கும் என்பதை மட்டும் நெடுநாள் நம்பியே வந்தார். ரேமாக்கின் 1852 வியாசமும் அவர் மனத்தை உடனே மாற்றிவிடவில்லை.

1855-இல் தம் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் விர்ச்சோ மனம் மாறியவராகக் காட்சியளிக்கிறார். ஒவ்வோர் உயிரணுவும் ஓர் உயிரணுவிலிருந்தே என்னும் பொருளுடைய நான்கே லத்தீன் சொற்களில் அவர் புதிய சித்தாந்தத்தைச் செதுக்கிக் கொடுத்தார். அத்தகைய தொடரைப் பாரிஸைச் சேர்ந்த ரஸ்பாய் என்பவர் 1825-லேயே தம் வியாசத்தின் முகப்பில் பொறித்திருந்தார் என்பது தனிச்செய்தி. விர்ச்சோவின் கட்டுரையில் ரேமாக்கின் பெயர் இல்லை. பெயர் குறிப்பிடாமல் தம் முடிவை விர்ச்சோ சொந்தமாக்கிக்கொண்டதைக் கண்டித்து ரேமாக் அவருக்கு எழுதிய கடிதம் கடுமையானது. பதினான்கு ஆண்டுகள் கோழிமுட்டையோடும் தவளைமுட்டையோடும் போராடியவருக்கு அந்தக் கடுமை மிகையாகாது.

1856-இல் பெர்லின் அரசாங்கம் விர்ச்சோவைத் திரும்ப அழைத்து, அவருக்கென ஒரு நோய்க்கூற்று நிலயத்தையும் கட்டிக் கொடுத்தது. அங்கே 1858 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, தொழில் புரியும் வைத்தியர்களுக்கு அவர் நிகழ்த்திய இருபது பிரசங்கங்கள் சுருக்கெழுத்தில் எடுக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே புத்தகமாக வெளிவந்தன. நோய் என்பது ரத்தத்தில் குடிபுகும் தோஷமன்று, நரம்பில் ஏறும் பேயுமன்று; உயிரணுவின் வாழ்வு மாறுபடுவதே நோய்; புற்றுநோயின் அணுவும் வானத்திலிருந்து வந்ததன்று, நம் உடம்பின் அணு ஒன்றின் சந்ததியே என்று அவர் அங்கே நிலைநாட்டினார். உடல் என்பது ஒவ்வோர் உயிரணுவும் பிரஜையாகிய ஒரு ராஜ்யம் என்று அவர் சொன்னபோது, 1848-இல் தடையரணில் நின்றவரின் குரலும் அதில் சேர்ந்தே ஒலித்தது. ஒரு தலைமுறைக்குள் உலகத்து வைத்தியக் கல்லூரிகள் அனைத்தும் அவர் வழிக்கு வந்தன.

விர்ச்சோவைத் திருடர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் சிலர் உண்டு. நாம் அக்கட்சியைச் சேர்ந்தவர் அல்லோம். கருவில் உண்மையென ரேமாக் நிரூபித்ததை நோயாளியின் உடலுக்குக் கொண்டுவந்து, ரணத்திலும் சீழிலும் கழலையிலும் பொருத்திக் காட்டி, வைத்தியர் உலகத்தை அதற்கு இணங்கச் செய்தது சிறிய காரியமன்று. ரேமாக்கின் சோர்வான நடையால் அது கைகூடியிருக்கவும் மாட்டாது. ஆயினும், பெற்ற இடத்தைச் சொல்லுதல் சாஸ்திரகாரனின் முதற் கடன். நாட்டில் எங்கே அநீதி நடந்தாலும் எதிர்த்து நின்றவரும், யூத துவேஷத்தைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கண்டித்தவருமாகிய ஒரு மகா புருஷர், தம் அருகில் இருந்தவருக்குச் செலுத்த வேண்டிய இந்தச் சிறு கடனை அன்று செலுத்தத் தவறினார் என்பது அவர் சரித்திரத்தில் குறையாகவே நிற்கிறது.

ரேமாக்குக்கு 1859-இல், அதாவது பட்டம் பெற்று இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, துணைப் பேராசிரியர் என்ற அந்தஸ்து கிடைத்தது. அதற்குள் அவர் நுண்ணோக்கியை விட்டு விலகி, மின்சாரத்தைக் கொண்டு நரம்பு நோய்களுக்குச் சிகிச்சை செய்யும் முறையில் முனைந்துவிட்டார். 1858-இல், விர்ச்சோவின் பிரசங்கங்கள் புத்தகமான அதே ஆண்டில், அவர் வெளியிட்ட நூல் அம்மின்சார சிகிச்சையைப் பற்றியதே. 1865-இல், ஐம்பது வயது நிரம்பிய அடுத்த மாதத்தில், கிஸ்ஸிங்கன் என்னும் ஊரில் அவர் காலமானார். விர்ச்சோ அதன்பின் முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து, பிரஷ்ய சட்டசபையில் பிஸ்மார்க்கோடு பொருதி, பெர்லினுக்குக் கழிவுநீர்க் கால்வாய் அமைப்பித்து, எண்பது கடந்த வயதில், 1902-இல் மறைந்தார். பாடபுத்தகங்களில் ஷ்லைடன், ஷ்வான், விர்ச்சோ என்று மூன்று பெயர்கள் அச்சாகின்றன. ரேமாக்கின் பெயரைச் சேர்க்காத எந்தப் பட்டியலும் பூர்த்தியான பட்டியலாகாது.

ரேமாக்கும் ஓரிடத்தில் வழுவினார் என்பதையும் மறைப்பதற்கில்லை. முதலில் உட்கருவின் மணி இரண்டாகும், பிறகு உட்கரு இரண்டாகும், கடைசியில் உயிரணு இடையொடுங்கிப் பிரியும் என்று அவர் வகுத்த வரிசை, பார்க்க ஒழுங்காக இருந்தது. ஆனால் பல உயிரணுக்களில், பிரியப்போகும் சமயத்தில் உட்கரு இருந்த இடமே தெரியாமல் மறைந்துபோவதாகக் கண்டவர்கள் தொடர்ந்து முறையிட்டனர். மறைந்துபோன உட்கரு மறுபடி இரண்டாக எப்படி வருகிறது? 1856-இல் இங்கிலாந்தில் பெர்கின் என்னும் பதினெட்டு வயதுச் சிறுவன் தார் எண்ணெயிலிருந்து எதிர்பாராமல் எடுத்த ஊதாச் சாயமும், அதன் பின்வந்த சாயங்களும் இக்கேள்விக்கு விடை காண உதவின. அச்சாயங்களைக் கொண்டு கீல் நகரத்தில் வால்தர் ஃபிளெமிங் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்ட இழைகளின் கதையை அடுத்த இதழில் எழுதுவோம்.